டபிள்யூவைத் தொடாதே

இரண்டு வாரம் நான், இரண்டு வாரம் ஹோக்னி.
ஃபாரோவின் போரோய்த் தீவுக்கு வெளியே
சால்மன் கூண்டுகளுக்கு நடுவில் கட்டிப்போட்ட
தீவன மிதவையில்
ஒரே கட்டில், ஒரே கெட்டில், ஒரே கணினி.
என் படகு வருமுன் அவன் படகு போயிருக்கும்.
முகம் பார்த்ததில்லை.
ஏ, எஸ், டபிள்யூ மூன்றும் தேய்ந்து
வழுக்கையாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் இரவே தகராறு.
எடிட்டரின் அடியில் திறந்திருந்த டெர்மினலில்
ஆக்ஸிஜன் கணக்கு ஓடிக்கொண்டிருக்க
அடுத்த கட்டளையை நீளமாக அடித்தேன்.
கடைசிச் சொல் பிசகு.
கன்ட்ரோலோடு டபிள்யூவைத் தட்டினால்
எனக்குத் தெரிந்த உலகத்தில்
ஒரு சொல் மட்டும் உதிரும்.
தட்டினேன்.
டெர்மினலே மூடிக்கொண்டது,
உள்ளே ஓடிக்கொண்டிருந்ததோடு.
நாற்பது நிமிட மூச்சு, நாலாம் கூண்டு, போயிற்று.

ஷார்ட்கட் கோப்பைத் திறந்தேன்.
முப்பத்தொரு வரி, எல்லாம் அவன் கைவரிசை.
அதே கட்டளையை அவன் வரிக்குக் கீழே எழுதி
முன்னால் ஒரு கழித்தல் குறி வைத்தேன்.
ஒருவனின் பழக்கத்தை இல்லையென்றாக்க
அவ்வளவு சின்னக் கோடு போதும்.
பக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டு
எடிட்டர் படிக்காத இடத்தில் எழுதினேன்:
"இது உன் வீடல்ல. மர்யுன்."
திறக்க, மூட, பிரிக்க எல்லாவற்றையும்
வலது ஓரத்துக்கு மாற்றினேன்,
ஓவின் குறுக்கே கோடு கிழித்த
எங்கள் எழுத்து குந்தியிருக்கும் பக்கம்.

திரும்பி வந்தபோது கழித்தல் குறியைக் காணோம்.
"காபிப் பொடி தீர்ந்தது. டபிள்யூவைத் தொடாதே."
மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்தான்.
குளிர்காலம் முழுக்க ஒரு கோடு
வருவதும் போவதுமாக.
காரணம் மட்டும் எழுதமாட்டான்.
எல்லாமே இடது பக்கத்து விசைகள்;
இன்னொரு கையில் என்னதான் வைத்திருப்பான்?
போன். தூண்டில். என் காபி.

பிப்ரவரி. வடமேற்குக் காற்று.
நான் வந்து மூன்று மணி நேரம்தான்,
கழித்தல் குறி வைக்க இன்னும் கை ஒழியவில்லை.
கெட்டில் பறந்தது.
நாற்காலி என்னை விட்டுவிட்டுச் சுவரோரம் போனது.
ஆறாம் கூண்டின் குழாய் அறுந்து
தீவனத்தைக் கடலுக்கு இறைத்துக்கொண்டிருந்தது.
நிறுத்த வேண்டும்.
வலது கை மேசை விளிம்பைக் கவ்வியிருந்தது;
எடுத்தால் நான் தரையில்.
இடது சுண்டுவிரல் கன்ட்ரோலில்.
கோடு கிழித்த ஓ
பத்து விசை தள்ளி,
அக்கரை.
மோதிர விரல் தானாகப் போய்
அந்த வழுக்கை விசைமேல் உட்கார்ந்தது.

மூடிக்கொண்டது,
உள்ளே ஓடிக்கொண்டிருந்ததோடு.

விடியும்போது காற்று இறங்கியது.
முப்பத்தொரு வரியையும் அடித்துப் பார்த்தேன்,
இடது கையால் மட்டும்.
எட்டாதது ஒன்றுகூட இல்லை.

ஒரு நிபந்தனை எழுத ஆசைப்பட்டேன்:
அலை இரண்டு மீட்டரைத் தாண்டினால் அவனுடையது,
அதுவரை என்னுடையது.
கர்சர் டெர்மினலில் நிற்கிறதா
எழுதும் பக்கத்தில் நிற்கிறதா,
எடிட்டருக்குத் தெரியும்.
கடல் தெரியாது.

டபிள்யூவை அவனுக்கே விட்டேன்.
சொல் பிசகினால் இப்போதெல்லாம்
எழுத்தெழுத்தாகப் பின்னால் நடக்கிறேன்.
சில நாள் பாதி வழியில்
அந்தச் சொல்லே இருக்கட்டும் என்று
நின்றும்விடுகிறேன்.

படகு வர அரைமணி இருந்தது.
முப்பத்திரண்டாம் வரியில் இரண்டு சாய்கோடு:
"காபிப் பொடி வாங்கி வைத்திருக்கிறேன்.
இடது அலமாரி. கீழ்த் தட்டு.
பிடித்துக்கொண்டே எடுக்கலாம்."